டிஸ்க் பழுதில்லை: நெட்வேர்க் போல்டரில் வரும் பொய் லூப் எச்சரிக்கையைச் சரிசெய்வது எப்படி

கல்முனைப் பக்கம் ஒரு சின்ன ஸ்டூடியோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாண வீடியோ எல்லாம் ஒரு லினக்ஸ் கணினியில் கிடக்கிறது, அதன் டிஸ்க் முழுவதையும் சம்பா (நெட்வேர்க்கில் போல்டர்களைப் பகிரும் மென்பொருள், Samba) வழியாகப் பகிர்ந்திருக்கிறார்கள். இடம் நிரம்பியதும் இன்னொரு டிஸ்க் வாங்கி, அதைப் பகிர்வுக்குள்ளேயே ‘பழசு’ என்ற போல்டரில் மவுண்ட் செய்துவிட்டார்கள், அதாவது அந்தப் போல்டரைத் திறந்தால் புது டிஸ்க் தெரியும்படி இணைத்துவிட்டார்கள். அப்புறம் வேறொரு லினக்ஸ் கணினியில் இருந்து, போல்டர் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும் டியூ (du) கட்டளையை ஓட்டினால், டைரக்டரி (போல்டர்) வட்டமாகச் சுற்றுகிறது, அதாவது லூப், பைல் சிஸ்டம் அநேகமாகப் பழுது, சிஸ்டம் மேனேஜருக்கு அறிவியுங்கள் என்று பயமுறுத்துகிறது. ஸ்டூடியோவில் சிஸ்டம் மேனேஜருக்கு எங்கே போவது!

பதறி, டிஸ்க் பழுதைத் திருத்தும் எஃப்எஸ்சிகே (fsck) கட்டளையை ஓட்டாதீர்கள். மவுண்டில் இருக்கும் டிஸ்க்கில் அதை ஓட்டினால் இல்லாத பழுதும் உண்டாகலாம்.

டியூ, பைல்களைத் தேடும் ஃபைண்ட் (find) இரண்டும் ஒவ்வொரு போல்டருக்குள் இறங்கும்போதும் அதன் டிவைஸ் எண்ணையும் (எந்த டிஸ்க் என்பது) ஐநோட் எண்ணையும் (அந்த டிஸ்க்குக்குள் அதன் அடையாள எண்), மேலே கடந்து வந்த போல்டர்களின் எண்களோடு ஒப்பிடும். இரண்டும் ஒத்துப்போனால் லூப் என்று முடிவுகட்டி அந்தப் போல்டரை விட்டுவிடும். லினக்ஸில் வழக்கமான பைல் சிஸ்டமான இஎக்ஸ்டி4 (ext4) உள்ள டிஸ்க்கின் உச்சிப் போல்டருக்கு ஐநோட் எப்போதும் 2. டிஸ்க்குகள் இருக்கும் கணினியில், அதாவது சேவரில், இரண்டு டிஸ்க்குக்கும் டிவைஸ் எண் வேறு, ஆகவே குழப்பமில்லை. நெட்வேர்க்கில் இருந்து பார்க்கும் கணினிக்கோ முழுப் பகிர்வும் ஒரே டிவைஸ், அதனால் பகிர்வின் உச்சியும் ‘பழசு’ போல்டரும் ஒன்றாகவே தெரியும். இலக்கம் 2 வீடு கல்லடியிலும் உண்டு, ஆரையம்பதியிலும் உண்டு; ஊர்ப் பெயரை எழுதாமல் விட்டால் தபால்காரர் என்ன செய்வார்?

1. எச்சரிக்கையில் வரும் போல்டரையும் பகிர்வின் உச்சிப் போல்டரையும், இந்த எண்களைக் காட்டும் ஸ்டாட் (stat) கட்டளையால் பாருங்கள், முதலில் உங்கள் கணினியில், பிறகு சேவரில். உங்கள் பக்கம் இரண்டு எண்ணும் ஒன்றாகவும், சேவரில் டிவைஸ் எண் மட்டும் வேறாகவும் இருந்தால் லூப் பொய்.

2. சேவரில் அதே டியூவை ஓட்டுங்கள். அங்கேயும் எச்சரிக்கை வந்தால் கதை வேறு, யாராவது ஒரு போல்டரை அதற்குள்ளேயே பைண்ட் மவுண்ட் (ஒரு போல்டரை இன்னொரு இடத்திலும் தெரியவைப்பது) செய்திருக்கிறார்களா என்று தேட வேண்டும்.

3. சம்பா என்றால் பகிர்வை அன்மவுண்ட் செய்து, ‘நோசேவர்ஐநோ’ (noserverino) தெரிவோடு திரும்ப மவுண்ட் செய்யுங்கள். நிரந்தரமாக வேண்டுமென்றால் கணினி தொடங்கும்போது மவுண்ட் செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிடும் எஃப்எஸ்டாப் (fstab) பைலில், அந்தப் பகிர்வுக்கான வரியிலேயே சேர்த்துவிடலாம். இனி ஐநோட் எண்ணை உங்கள் கணினியே உருவாக்கும், மோதல் வராது. ஆனால் ஹார்ட் லிங்க் (ஒரே பைலுக்கு இன்னொரு பெயர்) எது என்று அடையாளம் தெரியாமல் போகும், ஐநோட்டை நம்பி வேலை செய்யும் பேக்கப் மென்பொருளும் குழம்பலாம். என்னைக் கேட்டால் இரண்டாவது டிஸ்க்கைத் தனிப் பகிர்வாகக் கொடுத்து, தனியாக மவுண்ட் செய்வதுதான் சுத்தமான வேலை.

4. நெட்வேர்க்கில் பகிரும் இன்னொரு முறையான என்எஃப்எஸ்ஸில் (NFS) இது பெரும்பாலும் பிடிஆர்எஃப்எஸ் (btrfs) என்ற பைல் சிஸ்டம் உள்ள டிஸ்க்கால் வரும். அதன் ஒவ்வொரு சப்வால்யூம் (டிஸ்க்குக்குள் தனிப் பிரிவு) உச்சிக்கும் ஐநோட் 256 தான். சப்வால்யூம்களைத் தனித்தனியாக, வெவ்வேறு எஃப்எஸ்ஐடி (fsid, பகிர்வின் அடையாள எண்) கொடுத்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள், அதாவது பகிருங்கள்.

சரி, அவசரம் இல்லையே, பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள். ஃபைண்ட் வைத்துப் பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட் இருந்தால், ‘பழசு’ போல்டரில் இருக்கும் வீடியோ ஒன்றுகூட அந்தப் பேக்கப்பில் இருக்காது. மவுண்டை மாற்றியதும் பேக்கப்பைத் திறந்து அந்தப் போல்டரை ஒருமுறை பாருங்கள்.