உரைகளை இலவசமாக நேரலையில் தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் மாநாடு என்றால், திட்டமிடும் கூட்டத்தில் ஒரு கேள்வி தவறாமல் வரும். உரைகளை இணையத்தில் இலவசமாகக் காட்டலாமா? காட்டத்தான் வேண்டும் என்பது என் கருத்து. கட்டற்ற மென்பொருள் (யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய மென்பொருள்) பற்றிய சிறிய கூட்டங்களில் சில ஆண்டுகள் கேமராவுக்குப் பின்னால் நின்றவன் நான். நேரலை கெட்டுப்போவது பெரும்பாலும் பணம் இல்லாததால் இல்லை. கடைசி நேரத்தில் அதைப் பற்றி யோசிப்பதால்தான் கெட்டுப்போகிறது.

முதல் தவறு பயந்து முடிவெடுப்பது. "வீட்டிலேயே பார்க்க முடிந்தால் அரங்குக்கு யார் வருவார்கள்?" என்று கேட்பார்கள். பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் ஆண்டுதோறும் நடக்கும் கட்டற்ற மென்பொருள் மாநாடான ஃபாஸ்டெமுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, முன்பதிவு கிடையாது, உரைகளின் நேரலையும் இலவசம். அப்படியிருந்தும் அறைகள் நிரம்பி, கதவில் 'இடமில்லை' என்று அட்டை தொங்கும். உள்ளே போக முடியாதவர்களுக்கு அந்த நேரலைதான் கைகொடுக்கிறது. மாநாட்டுக்கு வருபவர்கள் உரைக்காக மட்டும் வருவதில்லை. டீ இடைவேளையில் பேசக் கிடைக்கும் மனிதர்களுக்காகவும் வருகிறார்கள். நேரலை பார்ப்பவர்களில் பலர் எப்படியும் வந்திருக்க முடியாதவர்கள்: கைக்குழந்தை உள்ளவர், சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறவர், சென்னைக்கு ரயில் டிக்கெட்டும் இரண்டு நாள் அறை வாடகையும் கொடுக்க முடியாத தென்காசி மாணவர். இவர்களிடம் இணைய டிக்கெட் என்று தனியாக வசூலித்துவிட்டு, ஒரு மாதம் கழித்து அதே காணொளியை எல்லோருக்கும் திறந்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. செலவுக்குப் பணம் வேண்டும் என்றால் விரும்பியவர்கள் நன்கொடை தர ஓர் இணைப்பு வையுங்கள். நேரலைச் செலவை மட்டும் ஏற்க ஒரு நிறுவனத்தைக் கேட்டும் பார்க்கலாம்.

அடுத்தது ஒலி. எல்லாவற்றையும்விட இதைத்தான் அழுத்திச் சொல்வேன். படம் மங்கலாக இருந்தாலும் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். குரல் கேட்கவில்லை என்றால் ஐந்து நிமிடத்தில் போய்விடுவார்கள். ஒருமுறை கல்லூரி அரங்கு ஒன்றில் காலை நேர உரைகள் முழுவதையும் மடிக்கணினியின் சொந்த மைக்கிலேயே அனுப்பிவிட்டோம். அரங்கில் எல்லோருக்கும் ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டதால் எங்களில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மதியம் பதிவைப் போட்டுப் பார்த்தால் மின்விசிறிச் சத்தம்தான் முன்னால் நிற்கிறது, பேச்சாளர் எங்கோ தூரத்தில். மூன்று பேர் வாரக்கணக்கில் தயாரித்த உரைகள் அவை. இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். முந்தைய நாளே மைக் செட்காரரிடம் போய், "அண்ணா, உங்க மிக்சர்ல எங்களுக்குத் தனியா ஒரு அவுட் கிடைக்குமா?" என்று கேட்டுவிடுவோம். மிக்சரின் அந்த அவுட்டில் பொருந்தும் கேபிளை அன்றே வாங்கி, மடிக்கணினியில் செருகிச் சோதித்துவிடுவோம். மாநாட்டு நாளில் ஒருவர் வேறொரு கைப்பேசியில், மொபைல் டேட்டாவில், ஹெட்போன் போட்டு நேரலையைக் கேட்டுக்கொண்டே இருப்பார். அவருக்கு அது ஒன்றுதான் வேலை. அப்புறம், பார்வையாளர் கேள்வி கேட்கும்போது அவர் கைக்கு மைக் போக வேண்டும். போக வழியில்லை என்றால் பேச்சாளர் கேள்வியைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லட்டும்.

அரங்கின் வைஃபையை நம்புவது இன்னொரு தவறு. காலையில் சோதிக்கும்போது நன்றாக இருக்கும், இருநூறு பேர் வந்து உட்கார்ந்ததும் படுத்துவிடும். நேரலைக்கென்று கம்பி இணைப்பு ஒன்று கேளுங்கள், மாற்றாக வேறொரு நிறுவனத்தின் டேட்டா சிம் ஒன்றும் இருக்கட்டும். இணையம் போனாலும் உரை தப்பிக்க வேண்டும் என்பதால், நேரலை போகும்போதே மடிக்கணினியிலும் பதிவு ஓடட்டும். ஓபிஎஸ் போன்ற இலவச மென்பொருளிலேயே இது முடியும். பார்ப்பவர் பக்கமும் யோசியுங்கள். நொடிக்கு 3 மெகாபிட் அளவில் போகும் படம் ஒரு மணி நேரத்தில் சுமார் 1.35 ஜிபி தின்றுவிடும். நாளுக்கு 1.5 ஜிபி டேட்டா போட்டிருப்பவருக்கு ஒரே உரையோடு அன்றைய கணக்கு முடிந்தது. 1 மெகாபிட்டில் அனுப்பினால் 450 எம்பிதான் ஆகும். படம் கொஞ்சம் மங்கும் என்பதால் திரையில் காட்டும் எழுத்தைப் பெரிதாக வைக்கும்படி பேச்சாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

யூடியூபில் புதிய சேனல் தொடங்கி அன்றைக்கே நேரலை போகலாம் என்று நினைத்து மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. முதல் முறை நேரலை வசதியைத் திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். இடைவேளையில் அரங்கில் சினிமாப் பாட்டு போட்டாலும் ஆபத்து. காப்புரிமைச் சோதனையில் சிக்கி நேரலையே நின்றுபோகக்கூடும்.

ஒப்புதல் கேட்காமல் விடுவது சிறிய தவறாகத் தெரியும், ஆனால் காயப்படுத்துவது இதுதான். நூறு பேர் முன்னால் பேசச் சம்மதித்தவர், இணையம் முழுக்கத் தன் முகம் என்றென்றைக்கும் கிடக்கச் சம்மதித்தார் என்று ஆகாது. உரைக்கு விண்ணப்பிக்கும் படிவத்திலேயே நேரலை, பதிவு, உரிமம் (பதிவை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்பது) மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் காரணம் கேட்க வேண்டியதில்லை. பார்வையாளர்களில் படத்தில் வர விரும்பாதவர்களுக்குக் கேமராவில் படாத இருக்கை வரிசை ஒன்றை ஒதுக்கி, அங்கே அறிவிப்பும் ஒட்டிவிடுங்கள்.

எல்லா வேலையையும் ஒரே ஆளிடம் விடாதீர்கள். டெபியன் மென்பொருள் சமூகத்தின் ஆண்டு மாநாடான டெப்கான்ஃபில், கேமரா, ஒலி, காட்சி மாற்றுதல் எல்லாவற்றுக்கும் தனித்தனித் தன்னார்வலர்கள். மாநாட்டுக்கு வந்தவர்களே முறை வைத்துக்கொண்டு, பயிற்சி எடுத்துச் செய்கிறார்கள். 2023 செப்டம்பரில் கொச்சியில் அது நடந்தது. அங்கே காட்சிகளைக் கலக்கப் பயன்படும் வோக்டோமிக்ஸ், ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்பின் காணொளிக் குழு எழுதிய கட்டற்ற மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். தூரத்தில் இருப்பவர்கள் இணைய உரையாடல் அறையில் எழுதும் கேள்விகளை அரங்கில் ஒருவர் வாசிப்பார். உங்கள் கூட்டத்திலும் அப்படி ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். நேரலை சில நொடிகள் தாமதமாகத்தான் போய்ச் சேரும். அதனால் உரை முடிவதற்கு ஐந்து நிமிடம் முன்பே கேள்விகளைக் கேட்டு வாங்க வேண்டும்.

கடைசியாக, எட்டு மணி நேர நேரலையை வெட்டாமல் அப்படியே போட்டுவைப்பது. தனக்கு வேண்டிய உரையை அதற்குள் யாரும் தேடிக் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஃபாஸ்டெமில் உரை முடிந்ததும் பேச்சாளருக்கே ஓர் இணைப்பு அனுப்புகிறார்கள். தன் உரை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவரே குறித்துவிடுவார். நம்மிடம் அந்த ஏற்பாடு இல்லாவிட்டாலும், ஒவ்வோர் உரையும் தொடங்கிய நேரத்தை ஒரு தாளில் எழுதி வைத்தால் போதும், மறுநாளே வெட்டி, பேச்சாளர் பெயரும் தலைப்பும் போட்டு ஏற்றிவிடலாம்.