வெள்ளை பூத்த மேனிஃபோல்டு

தூத்துக்குடி உப்புக்காற்றில் பழைய காரின் அலுமினிய இன்டேக் மேனிஃபோல்டை (இன்ஜினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) தேய்த்துப் பளபளப்பாக்கி அப்படியே மாட்டினேன். ஒரு மழைக்காலம் போவதற்குள் சுண்ணாம்பு தடவியதுபோல வெள்ளை பூத்துவிட்டது.

மறுபடி கழற்றினேன். காஸ்டிக் சோடா பக்கமே போகவில்லை, அது அலுமினியத்தை அரித்துவிடும். சோப்புத் தண்ணீர், நைலான் நார், அவ்வளவுதான். நன்றாகக் காயவைத்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்தேன். அப்புறம் வெறுங்கையால் தொடவே கூடாது. ஓரிடத்தில் பெருவிரல் பட்டிருக்கிறது. பிறகு அடித்த கிளியர் கோட் (நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு) அங்கே மட்டும் உரிந்து, ரேகை தெரிந்தது. அந்த இடத்தைத் திரும்பச் செய்தேன்.

கேஸ்கெட் (இரண்டு பாகங்களுக்கு நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) உட்காரும் முகங்களை டேப் ஒட்டி மறைத்து, வெப்பம் தாங்கும் கிளியர் கோட்டை மெல்லிசாக 3 முறை அடித்தேன். கண்ணாடிபோல பாலிஷ் போட்ட பாகமென்றால் மெழுகே நல்லது. வழவழப்பில் கோட் பிடிக்காது.