ஒரே கிளிக், இரண்டு கண்

மும்பை சோர் பஜாரில் பழைய அக்ஃபா கிளிக் ஃபிலிம் கேமரா கிடைத்தால் ஷட்டரைக் காதருகே வைத்து அமுக்கிப் பாருங்கள். என்னுடையது இழுவை, மாட்டுங்கா மழைக்கால ஈரம் வேறு. பத்து நாள் சும்மா அமுக்கியே சரிசெய்தேன்.

ஸ்டீரியோ, அதாவது ஆழம் தெரியும் முப்பரிமாணப் படத்துக்கு இரண்டு கண்ணுக்கும் ஒன்றென இடம், வலம் இரண்டு படம் வேண்டும். பொருள் அசையாதென்றால் ஒரு கேமராவே போதும். பூக்கடையில் அடுக்கிய மல்லிகைப் பந்துகளை அப்படித்தான் எடுத்தேன். பலகையில் ஸ்டீல் ஸ்கேலை ஒட்டி, அதை ஒட்டியே கேமராவை நகர்த்துங்கள். கேமராவின் முகம் திரும்பக் கூடாது. நகர்த்த வேண்டியது பொருள் இருக்கும் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு: 3 மீட்டருக்கு 10 செ.மீ. எப்போதும் இடப்பக்கப் படம் முதலில். பிறகு கேமராவின் பின்புறச் சிவப்பு ஜன்னலில் அடுத்த எண் வரும்வரை ஃபிலிமைச் சுற்றுங்கள். ஒருமுறை மறந்தேன், இரண்டு மல்லிகையும் ஒரே ஃபிரேமில்!

120 ஃபிலிமில் 12 படம், ஆறு ஜோடி. நெகட்டிவைத் தாள்மேல் வைத்தே அதே அளவில் எடுக்கும் 6 செ.மீ. கான்டாக்ட் பிரின்டுகளை அருகருகே வைத்தாலே ஏறக்குறைய கண்ணிடைவெளி வந்துவிடும். படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர் செலவு மிச்சம்.