எரிபொருள் மின்கலத்துக்குக் கூட்டு மின்முனை: மை கலக்கும் கணக்கு

வினையூக்கியான பிளாட்டினம் தூளை அப்படியே பூசிவிட்டால் மின்முனை சரியாக ஓடாது. வாயு வரத் துளை வேண்டும், எலக்ட்ரான் போக கார்பன் வேண்டும், புரோட்டான் போக நஃபியான் என்ற பாலிமர் வேண்டும். மூன்றும் பிளாட்டினத் துகளை ஒட்டியே இருக்க வேண்டும். லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் வில்சனும் காட்ஸ்ஃபெல்டும் 1992இல் வெளியிட்ட முறை, நஃபியானை மையிலேயே, அதாவது பூசுவதற்குத் தூளைக் கரைத்த திரவக் கலவையிலேயே, கலந்து மெல்லிய படலமாக்கியது. நாமும் அந்த வழியில்தான் போகிறோம்.

முதலில் கணக்கு. பலரும் தடுமாறுவது இங்கேதான். 5 சதுர செ.மீ. மின்முனை, சதுர செ.மீ.க்கு 0.4 மி.கி. பிளாட்டினம் என்றால் மொத்தம் 2 மி.கி. அதற்கு 40 சதவீத பிளாட்டினம்-கார்பன் தூள் 5 மி.கி. தேவை. தெளிக்கும்போது பாதி வீணாகும் என்று வைத்து 10 மி.கி. எடுங்கள். அதில் கார்பன் 6 மி.கி.தான். நஃபியானை இந்த 6க்கு 0.8 பங்கு, அதாவது 4.8 மி.கி. சேர்க்க வேண்டும். 5 சதவீதக் கரைசலாக இருந்தால் 96 மி.கி. மொத்தத் தூளை வைத்துக் கணக்குப் போட்டால் 160 மி.கி. ஆகிவிடும். அப்புறம் துளைகள் அடைபட்டு, மின்னோட்டம் கூடும்போது மின்னழுத்தம் சரிந்துவிடும். கரைசலை பிப்பெட்டில் அளக்காதீர்கள், தராசில் எடை பாருங்கள். அந்தச் சதவீதம் எடைக்குத்தான்.

தூள் முழுக்க நனையும்படி முதலில் தண்ணீர் ஊற்றுங்கள். இந்த வரிசை மாறவே கூடாது: உலர்ந்த தூளில் ஆல்கஹால் பட்டால் தீப்பற்றும். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், கடைசியில் நஃபியான். ஐஸ் போட்ட அல்ட்ராசோனிக் தொட்டியில் அரை மணி நேரம். குப்பியைச் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடியில் மை மணல்மணலாக ஒட்டாமல் வழவழவென்று இறங்கினால் சரி.

பூசுவதற்கு என் தேர்வு ஏர்பிரஷ்தான். தூரிகையில் சீரான தடிமன் வருவதில்லை. கார்பன் பேப்பரை 80 டிகிரி ஹாட் பிளேட்டில் வைத்து, நுண்துளைப் படலம் உள்ள பக்கத்தில், மெல்லிய சுற்றுகளாகத் தெளியுங்கள். ஒவ்வொரு சுற்றும் காய்ந்த பிறகே அடுத்தது. ஈரமாகக் குவித்தால் வெடிப்பு விழும். பிறகு நஃபியான் சவ்வோடு 130 டிகிரியில் சில நிமிடம் அழுத்தினால் போதும்.

பின்சேர்க்கை: எப்போது தெளிப்பதை நிறுத்துவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். காய்ந்த பேப்பரின் எடை 2 மி.கி. கூடியதுமே சிலர் நிறுத்திவிடுகிறார்கள். அது பிளாட்டினத்தின் எடை மட்டும். பாதி வீணானது போக பேப்பரில் ஏறுவது தூள் 5, நஃபியான் 2.4, ஆக 7.4 மி.கி. அதுவரை தெளியுங்கள்.