கேரவன் புதிதாக வாங்கியவர்களுக்கு: பூட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தேனி மாவட்டம் கம்பத்தில் எங்கள் தெருவில் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நாங்கள் ஒரு பழைய டிராவலர் வேனை வாங்கி, படுக்கையும் அடுப்பும் குளிர்சாதனப் பெட்டியும் வைத்து வீடாக மாற்றிய பிறகு, அக்கம்பக்கத்தில் இரண்டு குடும்பங்கள் அதே வழியில் இறங்கியிருக்கின்றன. லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறினால் குமுளி, அங்கிருந்து வண்டிப்பெரியார், வாகமண் என்று கேரளம் விரிகிறது. கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது முதல் ஆசை பலருக்கும் கூடியிருக்கிறது. இந்தக் குடும்பங்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "ராத்திரி பயமாக இருக்காதா?" என்பதுதான். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். வெளியிலிருந்து திறக்க நினைப்பவனுக்கு நேரம் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பவருக்கு ஒரே அசைவில் திறக்க வேண்டும். புதியவர்கள் முதல் பாதியை மட்டும் பார்த்துப் பூட்டு வாங்குகிறார்கள். இரண்டாம் பாதி அதைவிட முக்கியம்.

படி 1: திருடன் கண்ணால் வண்டியைச் சுற்றி வாருங்கள்

கார் ஓட்டிப் பழகியவர்களுக்குக் கவலையெல்லாம் வண்டியையே ஓட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்பதுதான். கேரவனில் பெரும்பாலும் கழற்றிக்கொண்டு போகக்கூடியவை வெளியே இருக்கின்றன: ஸ்டெப்னி, டீசல், கூரைமேல் சூரியத் தகடு, எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டுப் பேட்டரி. எஞ்சினுக்கான பேட்டரி வேறு. விளக்கு, மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டிக்கு மின்சாரம் தரும் இந்த இரண்டாவது பேட்டரி வேறு. விலையும் அதிகம், விற்பதும் சுலபம்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தேக்கடியில் படகுச் சவாரிக்காகக் கட்டண நிறுத்துமிடம் ஒன்றில் வண்டியை விட்டுப் போனோம். மூன்று மணி நேரம் கழித்து வந்தால் கதவில் ஒரு கீறல் இல்லை, பூட்டெல்லாம் அப்படியே இருந்தது. அம்மா மின்விசிறியைப் போட்டார்கள், சுற்றவில்லை. இறங்கிப் போய்ப் பக்கவாட்டுப் பெட்டியின் சிறு கதவைத் திறந்தேன். இரண்டு ஒயர் நுனிகள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன; செம்பு புதிதாக மின்னியது. பெரிய கதவுக்கு மூன்று பூட்டு போட்டிருந்த நான், அந்தப் பெட்டிக்கு ஒரு சிறு கொக்கியோடு விட்டிருந்தேன்.

கம்பத்தில் வெல்டிங் பட்டறை அண்ணன்தான் இதற்கு வழி சொன்னார். "பூட்டைப் பெரிசாக்க வேண்டாம், ஸ்பானர் பிடிக்க இடம் கொடுக்காதீர்கள்" என்றார். பேட்டரியின் மேல் ஓர் இரும்புப் பட்டையைக் குறுக்காக வைத்து, தலை உருண்டையாக வழுவழுவென்று இருக்கும் போல்ட்டை வெளிப்பக்கமிருந்து செலுத்தி, நட்டை வண்டியின் உட்புறத்தில், கட்டிலுக்குக் கீழே முடுக்கினார். வெளியில் நிற்பவன் தடவிப் பார்த்தால் ஒரு குமிழ்தான் கையில் படும். கட்டில் பலகையைத் தூக்காமல் கழற்ற முடியாது. சூரியத் தகட்டையும் இதே முறையில் பொருத்தலாம். ஸ்டெப்னிக்குச் சங்கிலியும் பூட்டும், டீசல் மூடிக்குச் சாவி போட்ட மூடி. இவ்வளவையும் ஒரே நாளில் முடித்துவிடலாம்.

படி 2: கதவுகள்

பயணிகள் வேனிலிருந்து மாற்றிய வண்டியில் பின்கதவுதான் பலவீனமான இடம். அதற்கு உள்ளிருந்து போடும் தாழ்ப்பாள் ஒன்று கூடுதலாக வேண்டும். சாவியில்லாமல் கையாலேயே இழுத்துத் திறக்கும் வகையாகப் பாருங்கள். உள்ளேயும் சாவி கேட்கும் பூட்டை எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். அடுப்பும் காஸ் சிலிண்டரும் இருக்கிற ஒரு சிறு அறையில் தீப்பிடித்தால் சாவி தேடிக்கொண்டிருக்க முடியாது. ஆள் உள்ளே தூங்கும்போது வெளியில் கொண்டி மாட்டுவதும் கூடாது. "நான் கடைக்குப் போய் உடனே வந்துவிடுகிறேன்" என்று மாட்டிவிட்டுப் போகிறவர்களைக் கண்டிருக்கிறேன்.

ஸ்டியரிங் பூட்டும், சக்கரத்தில் மாட்டும் பூட்டும் வண்டியை விட்டுப் போகும்போது நல்ல காவல். உள்ளே படுக்கும்போது அவற்றை மாட்டாதீர்கள். தகராறு என்றால் இறங்காமலே படுக்கையிலிருந்து ஓட்டுநர் இருக்கைக்கு வந்து வண்டியை எடுக்க முடிய வேண்டும். அந்த வழியில் பையும் செருப்பும் கிடக்கக் கூடாது.

படி 3: பயத்தில் காற்றை அடைக்காதீர்கள்

இதைத்தான் இந்தப் பதிவில் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வண்டிக்குள் பரவிய கார்பன் மோனாக்சைடுதான் காரணம் என்று பின்னர் நடந்த ஆய்வு சொன்னது. அந்த வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. தூக்கத்தில் இருப்பவருக்கு எச்சரிக்கையே கிடைக்காது.

திருடனுக்குப் பயந்து ஜன்னல், கூரைத் துவாரம் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, புழுக்கம் தாங்காமல் ஜெனரேட்டரை ஓடவிட்டு ஏசி போடுவது மிக ஆபத்தான வேலை. தூங்கும்போது ஜெனரேட்டரும் வேண்டாம், எஞ்சினும் வேண்டாம். கரி அடுப்பை உள்ளே கொண்டுவருவதும் வேண்டாம். வாகமண் குளிரில் அந்த எண்ணம் வரத்தான் செய்யும், கம்பளியை இரண்டாகப் போர்த்திக்கொள்ளுங்கள். கூரைத் துவாரத்தில் இரும்புக் கம்பி வைத்து, எதிர்ப்பக்கத்து ஜன்னல் ஒன்றையும் கை நுழையாத அளவுக்குத் திறந்து வையுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியைப் படுக்கையில் தலை இருக்கும் உயரத்தில் மாட்டுங்கள். சமையல் காஸ் கசிவைக் காட்டும் கருவி தரையை ஒட்டி இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த காஸ் காற்றைவிடக் கனமானது, கீழே தேங்கும்.

படி 4: இரவு எங்கே நிறுத்துவது

வெளிச்சம், ஆள் நடமாட்டம், காவலாளி, இந்த மூன்றும் உள்ள இடத்தில் நிறுத்துங்கள். பெட்ரோல் பங்க், கோயில் வாசல், விடுதி வளாகம் எதுவானாலும் இறங்கிப் போய் அனுமதி கேட்டுவிட்டு நிறுத்துவது நம் பக்கத்து மரியாதை. நம்மைப் பார்த்துக்கொள்ள ஒருவர் கிடைக்கிறார் என்பது அதன் பலன். வண்டியின் முகப்பு சாலையைப் பார்த்து இருக்கட்டும்.

ஏலத்தோட்டத்து ஓரங்களில் கேட்காமல் நிறுத்தவே வேண்டாம். காய் எடுக்கும் காலத்தில் ஏலக்காய்த் திருட்டு பெரிய தொல்லை. இரவில் விளக்கணைத்து நிற்கும் அந்நிய வேனைக் காவலர்கள் சந்தேகப்படுவது நியாயம். அங்கே நீங்கள்தான் திருடனாகத் தெரிவீர்கள்.

யானையையும் கணக்கில் வையுங்கள். அரிசிக்காகக் கடைகளை உடைத்த அரிக்கொம்பன் என்ற யானையைக் கேரள வனத்துறை 2023 ஏப்ரலில் பெரியாறு காட்டில் கொண்டுவந்து விட்டது. ஒரு மாதத்துக்குள் அது மலையிறங்கி எங்கள் கம்பம் தெருக்களில் நடந்தது. ஊரில் 144 தடையுத்தரவு போட்டார்கள். வேனின் தகரம் யானைக்குப் பொருட்டே இல்லை. காட்டோரம் தங்க வேண்டிவந்தால் வண்டிக்கு வெளியே அரிசி, உப்பு, பலாப்பழம், வாழைப்பழம், எச்சில் இலை எதையும் வைக்காதீர்கள். வனத்துறை இரவில் நிற்கக் கூடாது என்று சொன்ன இடத்தில் நிற்கவும் வேண்டாம்.

நள்ளிரவில் யாராவது கதவைத் தட்டினால் திறக்காமல் ஜன்னல் இடுக்கில் பேசுங்கள். எல்லையில் போலீஸ், மதுவிலக்கு, வனத்துறைச் சோதனை சகஜம். வெளி விளக்கைப் போட்டு அடையாள அட்டையைக் காட்டச் சொல்வதில் தவறில்லை. சந்தேகம் இருந்தால் 112. இரு மாநிலத்திலும் அதே எண்தான்.

படி 5: ஜிபிஎஸ் கருவி

திருடன் முதலில் வெட்டுவது எஞ்சின் பேட்டரி ஒயரை. அதனால் தனக்கென்று சிறு பேட்டரி உள்ள கருவியாக வாங்குங்கள். இரும்புப் பெட்டிக்குள் வைத்தால் சிக்னல் கிடைக்காது. மரப் பலகைக்குப் பின்னால் வையுங்கள். மலை வளைவுகளில் தொடர்பு அறுபட்டால் கலங்க வேண்டாம், மேலே போனதும் மீண்டும் வந்துவிடும். போகும் இடத்தை வீட்டில் ஒருவருக்குச் சொல்லுங்கள், வாட்ஸாப் ஸ்டேட்டஸில் ஊருக்கெல்லாம் சொல்லாதீர்கள். படங்களை வீடு திரும்பியபின் போடலாம்.

படி 6: காகிதங்கள்

வேனைக் கேரவனாக மாற்றியதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற்று ஆர்சி புத்தகத்தில் ஏற்றுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவியுங்கள். தெரிவிக்காத மாற்றம், நாளை இழப்பீடு கேட்கும்போது மறுப்பதற்குக் காரணமாகிவிடும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் திருட்டுக்கு ஒரு பைசா வராது. வண்டி களவு போனால் இரண்டு சாவியையும் கேட்பார்கள், அதனால் மாற்றுச் சாவியை வண்டிக்குள் வைக்காதீர்கள். அசல் ஆவணங்களும் வீட்டிலேயே இருக்கட்டும், சோதனைக்கு டிஜிலாக்கர் செல்லும். பேட்டரி, தகடு, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றின் வரிசை எண்களைப் படம் எடுத்துவையுங்கள்.

எல்லையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. பொருள் குமுளியில் போனதா, மலையிறங்கும் வழியில் போனதா என்று தெரியாவிட்டால், "அது எங்கள் எல்லையில் வராது" என்ற பதிலைக் கேட்க நேரலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். அருகில் உள்ள நிலையத்துக்குப் போய், இந்தப் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள்.

படி 7: முதல் இரவு உங்கள் வாசலில்

மலைக்குப் போகும் முன் ஓர் இரவு வீட்டு வாசலிலேயே வண்டியில் தூங்குங்கள். நள்ளிரவில் எழுந்து, விளக்குப் போடாமல், ஒவ்வொருவராகக் கதவைத் திறந்து வெளியே வந்து பாருங்கள். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு முதல் தடவை 40 நொடி ஆனது. தாழ்ப்பாள் அவர் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. மறுநாளே பட்டறை அண்ணனிடம் போய் ஒரு சாண் கீழே இறக்கி வைத்தோம், மேலே இருட்டில் ஒளிரும் ஒட்டுத்தாளும் ஒட்டினோம். அன்று இரவு 4 நொடியில் வெளியே வந்து, "இப்போது போகலாம்" என்றார்.