மாரியிலை ஊருக்குப் போறவைக்கு: லைட் சுவிச்சைப் பற்றிக் கொஞ்சம்

சூட்கேசுக்குள் என்ன வைப்பது என்று நான் சொல்லப் போவதில்லை. முப்பது கிலோவில் இருபது கிலோ ஆருக்கோ என்பது உங்களுக்கே தெரியும். போன மார்கழியில் அந்த இருபது கிலோவுக்குள் கிடந்த ஒரு சின்னப் பெட்டியால் என் மூன்று கிழமை லீவில் ஐந்து நாள் அலுவலக வாங்குகளில் போனது. அந்தப் பெட்டியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஊரில் தாங்களே வாகனம் ஓட்டலாம் என்று நினைப்பவர்கள் முதலில் அனுமதிப்பத்திரத்தைப் பாருங்கள். சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் மட்டும் இலங்கையில் போதாது, அதற்கு மேல் உள்ளூர் அனுமதியும் எடுக்க வேண்டும். 2025 ஆகஸ்டிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே தற்காலிக அனுமதிப்பத்திரம் கொடுக்கிறார்கள். இறங்கிய கையோடு எடுத்துவிடுங்கள்.

இனி மழை. வடக்கில் ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை கொட்டும். நத்தார் லீவுக்குப் போகிற நாங்கள் அதற்குள்தான் போய் இறங்குகிறோம். தை பிறந்தால் மழை விடும், ஆனால் விடியப்புறத்தில் வயல்வெளி றோட்டுகளைப் பனிப்புகார் மூடிக்கொள்ளும். ஆடி, ஆவணியில் போகிறவர்களுக்கு இந்தக் கரைச்சல் இல்லை. அவர்கள் புழுதியோடு மல்லுக்கட்டட்டும்.

வெளிநாட்டில் ஓட்டிப் பழகிய எங்களுடைய முதல் வியாதி, லைட் சுவிச் எங்கே இருக்கிறது என்பதே மறந்து போனது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 பெப்ரவரி முதல் புது மாடல் கார்கள் பகல் விளக்கோடுதான் வருகின்றன. கனடாவில் இது 1989 டிசம்பரிலேயே வந்துவிட்டது. சுவிசில் 2014 முதல் பட்டப்பகலிலும் லைட் போடாமல் ஓடினால் குற்றம். சாவியைத் திருப்பினால் எரியும், நிறுத்தினால் அணையும் என்று பழகிவிட்டோம். ஊரில் கையில் கிடைக்கிற பழைய ஹையேஸ் வான் அப்படி இல்லை. நான் முதல் நாள் வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை கொட்டுகிற மழைக்குள் லைட்டே போடாமல் வந்திருக்கிறேன். எதிரே வந்தவர்கள் எல்லாம் லைட் அடித்துக் காட்டினார்கள். நம்ம சனம் வரவேற்குது என்று நானும் கை காட்டினேன்.

புதுக் கார் வாடகைக்கு எடுத்தால் தப்பிவிட்டோம் என்று இருந்துவிடாதீர்கள். பகல் விளக்கு பல கார்களில் முன்பக்கம் மட்டும்தான் எரியும், பின்பக்கம் இருட்டு. டாஷ்போர்ட் பளிச்சென்று இருப்பதால் எல்லாம் எரிகிறது என்று நினைப்பீர்கள். வெளிச்சம் பார்த்துத் தானே எரியும் லைட்டுக்கும் இருட்டுத்தான் தெரியும், மழை தெரியாது. சாம்பல் நிற மத்தியானத்தை அது பகல் என்றே எடுத்துக்கொள்ளும். வைப்பர் ஓடினால் ஹெட் லைட்டைக் கையால் போடுங்கள். பார்க்கிங் லைட் நிற்கிற வண்டிக்கு, ஓடுகிற வண்டிக்கு அது காணாது.

அந்த லைட் அடிக்கிற விஷயம் வேறு. ஜேர்மனியில் ஒருவர் லைட் அடித்தால் பெரும்பாலும் ‘நீங்கள் போங்கோ’. ஊரில் அதற்கு அர்த்தம் ‘நான் வாறன், நீ நில்’. பஸ் அடித்தால் கட்டாயம் அதுதான் அர்த்தம். இதை ஒரு சந்தியில், அக்கா பின்சீற்றிலிருந்து கத்தின சத்தத்தில் கற்றுக்கொண்டேன்.

மழை கூடினால் நாலு சிக்னலையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு ஓடுவது அங்கே நாகரிகமாகிவிட்டது. செய்யாதீர்கள். நீங்கள் திரும்பப் போகிறீர்களா, நிற்கிறீர்களா, ஓடுகிறீர்களா என்று பின்னால் வருகிறவனுக்கு எதுவும் விளங்காது. அது உடைந்து நிற்கும்போது போடுவதற்கு. அடைமழையிலும் புகாரிலும் ஹை பீமும் வேண்டாம். துளிகளில் பட்ட வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பி வந்து முன்னால் ஒரு வெள்ளைச் சுவராக நிற்கும். மஞ்சள் லைட் புகாரைக் கிழிக்கும் என்று அங்கே எல்லா மெக்கானிக்கும் சத்தியம் பண்ணுவார்கள். புகாரின் துளிக்கு மஞ்சளும் ஒன்றுதான், வெள்ளையும் ஒன்றுதான், இரண்டையும் ஒரேமாதிரித்தான் சிதறடிக்கும். லைட் கீழே பதிவாக இருப்பதும், வெளிச்சம் மேலே போகாமல் வெட்டுப்பட்டு விழுவதும்தான் உதவும்.

மேலே போகாமல் என்று எழுதும்போதே எனக்கு முழங்கால் கூசுகிறது. பெட்டிக்கு வருகிறேன்.

ஆவணியிலிருந்தே அத்தானிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள். “வரேக்கை நல்ல எல்இடி பல்ப் ஒரு சோடி கொண்டு வா. இஞ்சை இருக்கிறதெல்லாம் மின்மினிப்பூச்சி.” இருபத்தொன்பது வருடத்தில் அந்த மனிசன் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் சாமான் அது. அம்மாவைக் கடைசிவரைக்கும் தூக்கிக் கிடத்திப் பார்த்தவர். நான் செத்தவீட்டுக்குக்கூட மூன்றாம் நாள்தான் போய்ச் சேர்ந்தேன். இல்லை என்று எப்படிச் சொல்வது? ஒன்லைனில் வாங்கினேன். பொதுத் தெருவில் பாவிக்க அனுமதி இல்லை என்று பெட்டியிலேயே ஜேர்மன் மொழியில் சின்ன எழுத்தில் அச்சடித்திருந்தது. வாசித்தேன். வாசித்துவிட்டுத்தான் சூட்கேசுக்குள் வைத்தேன். என் காரில் போடத் துணியாததை அக்காவின் வானுக்குக் கொண்டு போனேன்.

பிழை பல்பின் பிரகாசத்தில் மட்டும் இல்லை. பழைய வான்களில் இருப்பது எச்4 வகை ஹலோஜன் பல்ப். உள்ளே இருக்கும் அந்தச் சின்னக் கம்பிச்சுருள் எந்த இடத்தில் எரியுமோ, அந்த இடத்தைக் கணக்குப் பண்ணித்தான் பின்னால் உள்ள வெளிச்சக் கிண்ணத்தைச் செய்திருப்பார்கள். எல்இடியில் வெளிச்சம் வருவது ஒரு தகட்டின் இரண்டு பக்கத்திலிருந்து. கிண்ணத்துக்கு அது தெரியாது. கீழே விழவேண்டிய வெளிச்சம் மேலேயும் பக்கத்திலும் சிதறும். ஓட்டுகிறவனுக்குப் பக்கத்து றோட்டு பகல் போலத் தெரிவதால் நல்ல லைட் என்று தோன்றும். எதிரே வருகிறவனுக்கு, அதுவும் நனைந்த தாரில் பட்டுக் கீழிருந்தும் அடிக்கும்போது, ஒன்றுமே தெரியாது. ஜேர்மனியில்கூட 2020 வரை எந்த எல்இடி மாற்று பல்புக்கும் அனுமதி இருக்கவில்லை. இப்போதும் குறிப்பிட்ட கார்களுக்கும் குறிப்பிட்ட பல்புகளுக்கும்தான்.

அத்தான் ஒரே பின்னேரத்தில் பூட்டிவிட்டார். முற்றத்துப் பனையின் வட்டு வரைக்கும் வெளிச்சம். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நாலாம் நாள் ஓர் அந்தியேட்டிச் சடங்குக்குப் போய்விட்டு வன்னியின் ஓர் உள்றோட்டால் திரும்பி வருகிறோம். ஏழு மணி, பேய் மழை. நான்தான் ஓட்டினேன். முன்னால் வெள்ளைச் சுவர். அதற்குள் ஒரு கை மட்டும் தெரிந்தது, கண்ணை மறைக்கத் தூக்கிய கை. பிறகு கையும் இல்லை. இறங்கி ஓடினால், சைக்கிளோடு ஒரு ஐயா வாய்க்காலுக்குள். நெற்றியில் காயம், முழங்கால் தோல் போய்விட்டது. வான் அவரில் முட்டவே இல்லை. அதைத்தான் அடுத்து வந்த நாள்களில் நான் ஒவ்வொரு மேசைக்கு முன்னாலும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து பொலிஸுக்குத் தகவல் போய்விட்டது. முதல் நாள் எழுத வேண்டியவர் இல்லை. இரண்டாம் நாள் எழுதினார், சிங்களத்தில். வாசித்துக் காட்டியவர் பாதியை விழுங்கினார் என்று நினைக்கிறேன், நானும் தலையாட்டிவிட்டுக் கையெழுத்து வைத்தேன். மூன்றாம் நாள் என் பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கத்துக்கும் போட்டோக் கொப்பி, வெறும் பக்கங்களுக்கும் சேர்த்து. நாலாம் நாள் காப்புறுதிக்காரர், வாகனத்தின் லைட்டை மாற்றியதை ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டார். ஐந்தாம் நாளும் அதே கேள்வி, வேறு மேசை. பல்ப் எங்கே வாங்கினது என்று கேட்கும்போதெல்லாம் அத்தான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார். நானும் அதையே பார்த்தேன்.

ஆகவே, ஆராவது ‘வரேக்கை ஒரு சோடி எல்இடி’ என்றால் நல்ல ஹலோஜன் பல்பையும் ஹெட் லைட் கண்ணாடி மினுக்குகிற சாமானையும் வாங்கிக் கொண்டு போங்கள். மங்கிப்போன கண்ணாடியை மினுக்கி, லைட்டின் உயரத்தைச் சரி பண்ணினாலே பழைய வான் பாதி கண் திறக்கும்.

வேகத்தைக் குறையுங்கள் என்று சொல்வது எளிது. கணக்காகச் சொல்கிறேன். நனைந்த தாரில் 80ல் போனால், கண்டு, காலை வைத்து, வண்டி நிற்க எழுபது மீற்றர் போகும். டிம் பண்ணின லைட்டில் ஐம்பது அறுபது மீற்றருக்கு அப்பால் சரியாகத் தெரியாது. 50ல் போனால் முப்பத்தைந்து மீற்றருக்குள் நிற்கலாம். மாரியில் வயல் முழுக்கத் தண்ணீர் என்பதால் மாடுகள் தார் றோட்டில்தான் வந்து படுக்கும். எருமைக்குச் சிவப்பு லைட் இல்லை. பின் லைட் இல்லாத லாண்ட்மாஸ்டர் என்கிற இருசக்கர உழவு இயந்திரத்துக்கும் இல்லை.

ஐயாவை மூன்று தரம் போய்ப் பார்த்தேன். முதல் தரம் கோபத்தோடுதான் கேட்டேன், ஏன் சைக்கிளில் லைட் இல்லை என்று.

“டைனமோ ரயரைத் தின்னுது தம்பி, கழட்டிப் போட்டன். நாங்கள் லைட் போடாமல் ஓடித்தானே பழகினது. போட்டால் ஹெலிக்காரன் அடிப்பான்.”

எனக்கு வாய் அடைத்துப் போனது. யுத்த நேரத்தில் கிளாலிப் படகுத்துறைக்கு என்னைச் சைக்கிளில் கொண்டுவந்து விட்ட அப்பாவும் டைனமோவை ரயரில் தொடாமல் தூக்கி வைத்துவிட்டுத்தான் மிதித்தார். படகிலும் லைட் இல்லை. நான் கடலைக் கடந்துவிட்டேன். அவர் அதே இருட்டுக்குள் திரும்பி மிதித்துக்கொண்டு போனார்.

வழியில் வான் உடைந்தால் றோட்டை விட்டு முழுதாக இறக்குங்கள், அப்போது நாலு சிக்னலையும் போடுங்கள், எச்சரிக்கை முக்கோணத்தை நூறு காலடி நடந்து வைத்துவிட்டு வாருங்கள். வண்டிக்குப் பின்னால் நின்று கதைக்காதீர்கள். ஜேர்மனியில் 2014 ஜூலையிலிருந்து காரில் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய அந்த மினுங்குகிற மேலங்கியில் நாலைந்தை மடித்துக் கொண்டு போங்கள். பாரமில்லாத சாமான், ஒருவரும் கேட்கமாட்டார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

ஐயா காசு வேண்டாம் என்றுவிட்டார். நான் போட்டிருந்த மேலங்கியைப் பார்த்து அதைத் தாவன் என்றார். கழற்றிக் கொடுத்தேன், புது டைனமோ ஒன்றும் வாங்கிக் கொடுத்தேன். வெளிக்கிடுவதற்கு முதல் நாள் இரவு அந்த றோட்டால் வந்தபோது, பழைய பல்பின் வெளிச்சத்தில் வயலுக்கு நடுவே ஆரோ நிற்பதுபோல மஞ்சளாக மின்னியது. வெருளிக்குப் போட்டிருந்தார். பன்றி வாறதில்லையாம்.