கையளவு டீசல் எஞ்சின்: வாங்குவதிலும் நகாசு வேலையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் எஸ்.டி.40-2 டீசல் எஞ்சின் ஏறத்தாழ 21 மீட்டர் நீளம். அதை 160-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் 131 மில்லிமீட்டர். ஒரு பால்பாயிண்ட் பேனாவைவிடக் கொஞ்சம் குட்டை. மாடல் ரயில்களில் இந்த அளவுக்குப் பெயர் என்-ஸ்கேல். தண்டவாள இடைவெளி 9 மில்லிமீட்டர். மேசை ஓரத்தில் ஒரு சரக்கு ரயிலையே ஓடவிடலாம் என்பதால் இடமில்லாத வீடுகளுக்கு ஏற்ற அளவு. நானும் அப்படித்தான் இதற்குள் வந்தேன்.

இத்தனை வருடத்தில் நான் செய்த தவறுகளையும் மற்றவர்கள் செய்து பார்த்ததையும் யோசித்தால், முக்கால்வாசி ஒரே இடத்திலிருந்து வருகிறது. மாடலைப் பார்க்கிறோம், அது எந்த எஞ்சினுடைய மாடலோ அந்த எஞ்சினைப் பார்ப்பதில்லை.

வாங்கும்போது

முதலில் அளவுக் குழப்பம். பெட்டியில் ‘என்’ என்று போட்டிருந்தால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். அமெரிக்க, ஐரோப்பிய மாடல்கள் 160-ல் ஒரு பங்கு. ஜப்பானுடையவை பெரும்பாலும் 150-ல் ஒன்று. பிரிட்டனுடையவை 148-ல் ஒன்று. மூன்றும் அதே 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடும், அதனால்தான் ஏமாறுகிறோம். 2 மீட்டர் உயரக் கதவு அமெரிக்க மாடலில் 12.5 மில்லிமீட்டர், பிரிட்டிஷ் மாடலில் 13.5. தனித்தனியாக ஓடும்போது கண்ணுக்குத் தெரியாது. அருகருகே நிறுத்தினால் ஏதோ ஒன்று சரியில்லை என்று மனதுக்குப் பட்டுக்கொண்டே இருக்கும்.

அடுத்தது, பெயர் ஒன்றுபோல இருப்பதால் எஞ்சினும் ஒன்று என்று நினைப்பது. எஸ்.டி.40 வேறு, 1972-ல் வந்த எஸ்.டி.40-2 வேறு. இரண்டும் 3,000 குதிரைத்திறன்தான். ஆனால் பின்னது சுமார் 3 அடி நீளம் அதிகம். என்-ஸ்கேலில் கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர். 20 சிலிண்டர் எஞ்சின் வைத்த எஸ்.டி.45-2-க்கும் இதே அடிச்சட்டம்தான். 16 சிலிண்டருக்கு அந்த நீளம் தேவைப்படவில்லை, அதனால் எஸ்.டி.40-2-இன் முன்னும் பின்னும் திண்ணை மாதிரி வெற்று இடம் மிஞ்சியது. அந்தத் திண்ணைதான் அதன் அடையாளம். அது இல்லாத மாடலில் எஸ்.டி.40-2 எண்ணை ஒட்டுவது முகம் மாறிய போட்டோவுக்குப் பெயர் எழுதுவது போல.

வண்ணத்திலும் இதே கதை. மாடல் கம்பெனிகள் ஒரே அச்சில் உடலை வார்த்துவிட்டு, விற்கும் என்பதற்காகப் பத்து ரயில்வேயின் வண்ணத்தில் வெளியிடுவது உண்டு. அமெரிக்காவின் சியரா நெவாடா மலைச் சுரங்கங்களில் எஞ்சின் தன் புகைச்சூட்டையே திரும்ப உறிஞ்சாமல் இருக்கக் காற்று நுழைவாயைக் கீழே இறக்கி வைத்த ‘டனல் மோட்டார்’ எஸ்.டி.40டி-2 இருக்கிறதே, அதைப் புதிதாக வாங்கியவை சதர்ன் பசிபிக் குழுமம், ரியோ கிராண்ட் என்ற ரயில்வேக்கள் மட்டும்தான். சான்டா ஃபே ரயில்வேயின் நீலமும் மஞ்சளும் பூசிய டனல் மோட்டார் எவ்வளவு அழகாக இருந்தாலும் அப்படியொன்று ஓடியதில்லை. அழகுக்காகத் தெரிந்தே வாங்கினால் தவறில்லை. தெரியாமல் வாங்கிவிட்டு, அப்புறம் அதன்மேல் மூன்று மாதம் நகாசு செய்வதுதான் வருத்தம். ஒரு ரயில்வே, ஒரு பத்தாண்டு என்று எல்லை வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு தவறு உண்டு. ஈரோடு ஷெட்டையும் பொன்மலையையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு டபிள்யூ.டி.எம்-2 டீசல் எஞ்சின் மேல் ஆசை இல்லாமல் இருக்காது. அது ஆல்கோ கம்பெனியின் வடிவமைப்பு. 1962-ல் அமெரிக்காவிலிருந்து வந்திறங்கி, 1964 முதல் வாரணாசியில் தயாரானது. அதனால் ஆறு அச்சு அமெரிக்க டீசல் மாடல் ஒன்றை வாங்கி நம் வண்ணத்தை அடித்துவிடலாம் என்று தோன்றும். இரண்டு விஷயம் இடிக்கும். நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர், சுருக்கினால் 10.5. தண்டவாளமோ 9. பக்கவாட்டில் தெரியாது, முன்னாலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே ஒடுங்கியிருக்கும். இதை ஏற்றுக்கொள்வதா, சொந்தமாகத் தண்டவாளம் போடுவதா என்று தொடங்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். இன்னொன்று போகி, அதாவது எஞ்சினுக்கு அடியில் சக்கர அச்சுகளைத் தாங்கும் கூடு. டபிள்யூ.டி.எம்-2-வின் மூன்று அச்சுகளும் சம இடைவெளியில் இருக்காது. எஸ்.டி.40-2-இன் போகி வேறு சாதி. அதை மாட்டினால் மேலே எவ்வளவு உழைத்தாலும் அது நம் எஞ்சினாகத் தெரியாது.

பழைய மாடல் வாங்குபவர்கள் உடலைக் கழற்றி எடுத்த படத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒருமுறை, ‘பெட்டி பிரிக்காதது’ என்று சொல்லி விற்ற ஒன்றை வாங்கினேன். உடல் கழலவே இல்லை. சேஸிஸ், அதாவது உலோக அடிச்சட்டம், ஊதிப்போய் உள்ளே இறுகியிருந்தது. மெல்ல நெம்பியதும் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற கசடு சேர்ந்திருந்தால் உள்ளுக்குள்ளேயே அரித்து வீங்கிவிடும். வெப்பமும் ஈரமும் அதை வேகப்படுத்தும். வந்தபின் மருந்து கிடையாது.

கத்தியை எடுக்கும் முன்

ஓட்டிப் பாருங்கள். முன்னே அரை மணி, பின்னே அரை மணி, மெதுவான வேகத்தில். பல் சக்கரத்தில் குறை இருந்தால் இப்போதே தெரிய வேண்டும், கைப்பிடிகளை ஒட்டி முடித்த பிறகு அல்ல. எண்ணெய் விடுவதாக இருந்தால் ஊசிமுனையில் நிற்கும் அளவு போதும், அதுவும் பிளாஸ்டிக்கைத் தின்னாத வகையாக. அதிகமானால் மோட்டாருக்குள் மின்சாரம் வாங்கிச் சுழலும் கம்யூட்டேட்டருக்குப் போய்ச் சேர்ந்து கரியாகும். தேங்காய் எண்ணெய் விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். மார்கழிக் குளிரில் அது உறைந்துவிடும்; அப்புறம் எஞ்சின் ஏன் நகரவில்லை என்று தேடுவார்கள். தண்டவாளம் வழியே வரும் கட்டளையைப் படித்து மோட்டாரை இயக்கும் டிஜிட்டல் டிகோடர் பொருத்தும் எண்ணம் இருந்தால் அதற்கு இடம் இருக்கிறதா, மோட்டாரின் முனைகள் சேஸிஸில் படாமல் பிரிக்க முடியுமா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

நகாசு

இங்கேதான் ஆர்வம் நம்மைத் தள்ளிவிடுகிறது. வார்ப்பிலேயே புடைப்பாக வந்த கைப்பிடிக் கம்பிகளைச் செதுக்கி எடுத்துவிட்டு நிஜக் கம்பி வைப்பதுதான் உயர்ந்த வேலை என்று எல்லாரும் சொல்கிறார்கள். கொஞ்சம் கணக்குப் போடுவோம். நிஜ எஞ்சினில் கைப்பிடிக் கம்பி முக்கால் அங்குலத் தடிமன், அதாவது 19 மில்லிமீட்டர். 160-ஆல் வகுத்தால் 0.12. நாம் கடையில் வாங்கி வளைக்கும் கம்பி 0.3. பெருக்கித் திரும்பப் பாருங்கள்: 48 மில்லிமீட்டர். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர்க் குழாயின் பருமன் அது! எஞ்சின் டிரைவர் அதைப் பிடித்து ஏற முடியாது, கட்டிக்கொள்ளத்தான் முடியும்.

அதனால் என் வழக்கம் இது. பக்கவாட்டில் இருக்கும் புடைப்புக் கம்பிகளைத் தொடுவதில்லை; மேல்விளிம்பில் மட்டும் உடல் வண்ணத்தைவிட ஒரு சாயல் வெளிறிய வண்ணத்தைத் தொட்டு வைப்பேன். நிழல் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். மூக்கின் விளிம்பு, கூரை ஓரம், முன்பக்கத்து பிரேக் ஹோஸ், பெட்டியோடு இணைக்கும் கப்ளரை விடுவிக்கும் நெம்புகோல் என்று பின்னால் வெளிச்சம் தெரியும் இடங்களில் மட்டும் கம்பி, அதுவும் 0.2-க்கு மேல் போகாமல். துளையிடும் இடத்தில் முதலில் தையல் ஊசியால் சின்னப் பள்ளம் குத்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் டிரில் முனை வழுக்கி வண்ணத்தைக் கீறும். ‘பின் வைஸ்’ என்ற, கையால் உருட்டும் சிறு துளைக்கருவிதான் சரி. மோட்டார் டிரில்லின் வேகத்தில் பிளாஸ்டிக் உருகி முனையில் சுற்றிக்கொள்ளும்.

பசை விஷயத்தில் பட்டே கற்றேன். ஓர் எஞ்சினின் கேபுக்கு, அதாவது டிரைவர் அறைக்கு, மூன்று சாயங்காலம் உழைத்தேன்: ஜன்னல், வைப்பர், உள்ளே ஒரு டிரைவர் பொம்மை. கடைசியாகக் கூரையில் ஹாரனை சூப்பர் க்ளூவால் ஒட்டி, தூசி படாமல் இருக்கட்டும் என்று பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் திறந்தால் ஜன்னல்கள் எல்லாம் கண்புரை விழுந்த மாதிரி வெள்ளையாக இருந்தன. அந்தப் பசையின் ஆவி காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து, அருகிலுள்ள பரப்பில் வெண்படலமாகப் படிகிறது. மூடிய பெட்டியில் அது போவதற்கு வழியே இல்லை. நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றுக்குச் சொல்லவே வேண்டாம். இப்போது ஜன்னலைக் கடைசியில்தான் வைக்கிறேன், காய்ந்தால் தெளிவாகிவிடும் வெள்ளைப் பசையால். சூப்பர் க்ளூ தொட்ட எதையும் மின்விசிறிக்குக் கீழே திறந்தே வைக்கிறேன்.

வண்ணத்துக்கு வருவோம். பூசும் முன் பாத்திரம் தேய்க்கும் சோப்பு நீரில் உடலைக் கழுவாவிட்டால் வார்ப்பு அச்சிலிருந்து ஒட்டிய எண்ணெயும் விரல் பிசுக்கும் வண்ணத்தைப் பிடிக்கவிடாது. ஒரே தடவையில் தடிமனாக அடிக்காதீர்கள். இந்த அளவில் கதவுக் கீல் காணாமல் போக இரண்டு கோட்டிங் போதும். சுத்தக் கறுப்பும் வேண்டாம். ஒளியை விழுங்கி எல்லாக் கோடுகளையும் மறைத்துவிடும். அடர் சாம்பல்தான் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும். எண், சின்னம் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படமான டீக்காலை மங்கல் பரப்பின்மேல் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி மாதிரி மின்னும். முதலில் பளபள வார்னிஷ், அப்புறம் டீக்கால், கடைசியில்தான் மங்கல் வார்னிஷ். ஐப்பசி அடைமழையில் லாக்கர் வார்னிஷ் அடிக்கவே அடிக்காதீர்கள். பால் படர்ந்ததுபோல வெளுத்துவிடும்.

அழுக்கேற்றும்போது பலரும் எடுத்தவுடன் துருவுக்குப் போகிறார்கள். ஓடுகிற எஞ்சினின் உடலில் துரு அவ்வளவு இருக்காது. வண்ணம் வெளுக்கும், போகியில் மண் நிறத் தூசி அப்பும், எரிபொருள் டேங்கில் டீசல் வழிந்த இடம் மட்டும் ஈரமாகப் பளபளக்கும், புகைபோக்கியைச் சுற்றிக் கரி படியும். ஆல்கோ என்றால் அந்தக் கரியைத் தாராளமாகவே வைக்கலாம். கிளம்பும்போது அது கக்கும் கறும்புகையை நின்று பார்த்தவர்கள் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

முடித்த எஞ்சினைப் பழைய பெட்டியின் நுரைப்பஞ்சுக்குள் திரும்ப வைப்பதற்கு முன் அந்தப் பஞ்சை விரலால் அழுத்திப் பாருங்கள். ஒட்டினாலோ உதிர்ந்தாலோ தூக்கிப் போட்டுவிட்டு, எஞ்சினை அமிலமில்லாத மெல்லிய தாளில் சுற்றி, பக்கத்தில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து ஒரு பத்து நிமிடம் ஓட்டுங்கள்.